ஏரி ரொட்டி சாப்பிட வந்த மூன்று நாள்

ஜூலை பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு ஏரி கனிஷாயின் வீட்டுக்கு ரொட்டி சாப்பிட வந்தது. அன்று வெயில் முப்பத்தோரு டிகிரி. சந்தையில் ஆப்ரிகாட் மலிவு, தக்காளி மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்தது என்று பிற்பாடு தலைநகரத்துப் பத்திரிகையில் எழுதியவனுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வெள்ளம் கூப்பிடாமல் வரும். இது கூப்பிட்டு வந்தது. கூப்பிட்டது யார், வந்தது எப்படி நடந்துகொண்டது, எப்போது எழுந்து போனது என்பதையெல்லாம், ஊர் நூலகத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் நான் எழுதி வைக்கிறேன். வேறு யாராவது எழுதினால் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவார்கள்.

இஸிக்-கூல் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சாரி-ஒரூக்கில் வருஷம் என்பது நாற்பத்தைந்து நாள். மீதியெல்லாம் அதற்காகக் காத்திருப்பது. மூவாயிரம் பேர் இருக்கும் ஊரில் ஜூலை பிறந்ததும் முப்பதாயிரம் பேர் இருப்பார்கள். அல்மாட்டியிலிருந்து கார்கள் வரிசை கட்டி வரும். ஓம்ஸ்க் குடும்பங்கள் மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் குலுங்கி, உருளைக்கிழங்கை வீட்டிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வரும், இங்கே என்னவோ உருளைக்கிழங்கே விளையாத மாதிரி. வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கடலுக்கு எந்தப் பக்கம்?" இஸிக்-கூல் கடல் இல்லை, ஏரி. ஆனால் எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது என்பதால் நாங்கள் யாரையும் திருத்துவதில்லை. ஏரியும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. கரை முழுக்க அவித்த சோளம், கயிற்றில் கோத்த புகைமீன், கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் பிடித்துக்கொள்ள நிற்கும் ஒட்டகம், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அலறலோடு போகும் மஞ்சள் ரப்பர் வாழைப்பழப் படகு. அதிசயங்கள் எங்களுக்குப் புதிதல்ல. தாஷ்கண்ட்டிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் 1998-இல் ஏரியில் முங்கி 2003-இல் எழுந்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, மதியச் சாப்பாடு முடிந்துவிட்டதா என்றுதான் கேட்டார்.

கனிஷாய்க்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஏரிக்கரைத் தெருவில் நான்கு அறை வீடு, முற்றத்தில் பன்னிரண்டு ஆப்ரிகாட் மரம், மரத்தடியில் ஆறு கட்டில். அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான். கோடையில் நான்கு அறையையும் ஆறு கட்டிலையும் வாடகைக்கு விட்டுவிட்டு அவளும் கணவன் சபாரும் சமையற்கட்டில் படுத்துக்கொள்வார்கள். அந்த நாற்பத்தைந்து நாள் வருமானம்தான் வருஷத்துக்கு ரொட்டி, கரி, செருப்பு எல்லாம். சபாரின் வேலை நெடுஞ்சாலையில் நிற்பது. ஒரு கையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டும் மறு கையில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் நிற்பான். அட்டையில் அவன் கையாலேயே எழுதியிருந்தது: அறை உண்டு. கடல் இருநூறு காலடி. காலடிகளை அவனே நடந்து எண்ணிப் பார்த்து எழுதியது என்பதால் அதில் அவனுக்கு ஒரு பெருமை.

பிறகு தோரோன்பெக் வேலி போட்டான். தோரோன்பெக் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல. அதே தெருவில் மூக்கொழுகிக்கொண்டு திரிந்தவன், கனிஷாயின் அம்மா கையால் ரொட்டி வாங்கித் தின்றவன். வடக்கே போய்ப் பெரிய ஆளாகித் திரும்பி வந்து, கரையில் எண்ணூறு படுக்கையோடு ஏழு மாடி விடுதி கட்டினான். கட்டியதோடு நிற்காமல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பச்சை இரும்புக் கம்பி வேலியும் போட்டான், இரண்டு ஆள் உயரத்துக்கு. நடுவில் ஒரே ஒரு சின்னக் கதவு. கையில் நீல பிளாஸ்டிக் காப்பு மாட்டியவர்கள் மட்டும் உள்ளே போகலாம், காப்பு விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டும். காவலுக்கு உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தெமிரை வைத்தான். நாங்கள் மனு கொடுத்தோம். மனு நன்றாக எழுதப்பட்டிருப்பதாகப் பாராட்டினார்கள். சபார் அட்டையை மாற்றவில்லை. நம்பி வந்தவர்கள் இருநூறு காலடி நடந்து வேலியில் முட்டிக்கொண்டு, திரும்பி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கோடை போனது, இரண்டாவதும் போனது. தெருவில் பாதிப் பேர் தலைநகரச் சந்தைக்குக் காலுறை விற்கப் போய்விட்டார்கள். மூன்றாவது கோடையில் தோரோன்பெக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கனிஷாயின் வீட்டைக் கேட்டான். அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "இருபதாம் தேதி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு ஆள்கூட வந்து தங்கலேன்னா கையெழுத்துப் போட்டுடறேன்." சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அதனால்தான் அவள் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். தங்கையின் உணவுக்கடையில் தட்டுக் கழுவப் போவதாக ஏற்பாடு.

பதினாறாம் தேதி காலையில் அவள் வழக்கம்போல ரொட்டி சுட்டாள். தின்பதற்கு ஆளில்லாத வீட்டில் பன்னிரண்டு ரொட்டி, கை அந்தக் கணக்குக்குத்தான் பழகியிருந்தது. சூடாக ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே வேலி வரைக்கும் நடந்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் ஏரி வெயிலில் கிடந்தது. "நான் போறேன், தெரிஞ்சுக்கோ" என்றாள். அழுதாள் என்று தெமிர் சொல்கிறார், இல்லை என்று அவள் சொல்கிறாள், நான் தெமிரை நம்புகிறேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை கம்பிக்கு இடையில் நுழைந்து வந்து அவள் கால்விரலைத் தொட்டது. கையில் ரொட்டி, வாயில் ரொட்டி, எதிரே வந்து நிற்கிறது ஒன்று. அவள் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "வாங்க, வீட்டுக்கு வந்து ஒரு வாய் வச்சிட்டுப் போங்க."

எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். ரொட்டியில் வாய் வைக்காமல் ஒருவரை வாசலிலிருந்து அனுப்புவது எங்களுக்கு ஆகாது. வந்தவர் சண்டை போட வந்திருந்தாலும் சரி, வீட்டைச் சீல் வைக்க வந்திருந்தாலும் சரி, ஒரு வாய் வச்சிட்டுப் போங்க என்போம். அவரும் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார். என் சித்தப்பா ஒருவர் மலை மேய்ச்சலில் இருந்தபோது வாய் தவறி ஓநாயிடம் சொல்லிவிட்டார். அது வசந்தம் வரைக்கும் தங்கிவிட்டது. வாயைத் திறந்துகொண்டு மெல்லும் என்பதைத் தவிர அதன்மேல் ஒரு குறையும் இல்லை. சொல்கிறவரும் மறந்துவிடும், கேட்கிறவரும் மறந்துவிடும் பேச்சு அது. ஆனால் இஸிக்-கூலின் நிலைமை வேறு. நூறு ஆறுகள் அதனிடம் வந்து விழுகின்றன, ஒன்றுகூட வெளியே போவதில்லை. கோடைக்குக் கோடை முப்பதாயிரம் பேர் அதன் வீட்டுக்கு வந்து குதித்துக் கும்மாளம் போட்டுவிட்டுப் போகிறார்கள். இத்தனை காலத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், எங்கள் வீட்டுக்கு வாங்க என்று அதைக் கூப்பிட்டதில்லை. வாய்ப் பேச்சுக்குச் சொன்னது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கனிஷாய் வீட்டுக்கு வந்து சபாரிடம் சொன்னாள். சபார் சாவிக்கொத்தைக் கீழே போட்டான்.

"யாரக் கூப்பிட்டேங்கிற?"

"ஏரிய."

"அடிப் பாவி, நூத்தியெண்பது கிலோமீட்டர் நீளம்! கால நீட்டி உக்கார எடம் இருக்கா நம்ம வீட்ல?"

"வாய்ல வந்துடுச்சு. கையில ரொட்டி இருந்துச்சே, நான் என்ன பண்ணட்டும்?"

"சரி விடு, வராது."

"வந்துட்டா?"

சபார் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தான். "வந்துட்டா மேலிடத்துலதான் உக்கார வைக்கணும். நம்ம பக்கத்துல அத விட வயசானது வேற எது இருக்கு?" என்று சொல்லிவிட்டு, விருந்தறை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குத் தூசி தட்டப் போனான்.

மறுநாள் ஏரி எழுந்து வந்தது. முழங்கால் உயரத்துக்கு நீலமாக, அவசரமில்லாமல், தெருவின் நடுவில் நடந்து வந்தது. ஓரத்திலிருந்த தக்காளிப் பாத்திகளைச் சுற்றிக்கொண்டு போனது. தெமிர் அதை நிறுத்தவில்லை. அப்புறம் கேட்டபோது, காப்பில்லாமல் உள்ளே வருகிறவர்களைப் பற்றித்தான் தனக்கு உத்தரவு, வெளியே போகிறவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். கம்பிக்குக் கம்பி ஒருக்களித்து நுழைந்து வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். கனிஷாயின் வாசலில் ஏரி தன் மணலையெல்லாம் உதறிவிட்டது, நாம் செருப்பைக் கழற்றுவது போல. மீன்கள் உள்ளே வரவில்லை. பெரிய மனிதர்களின் டிரைவர்கள் காரிலேயே காத்திருப்பது போல முற்றத்து வாய்க்காலில் நின்றுகொண்டன. விருந்தறையில் கதவுக்கு நேர் எதிரே, மூத்தவருக்கென்று உள்ள மேலிடத்தில் ஏரி அமர்ந்தது. ஒரு மெத்தைகூட நனையவில்லை. விரிப்பில் ரொட்டி, பாலேடு, ஆப்ரிகாட் ஜாம், பால் விட்ட டீ. நடு ரொட்டியின் ஓரம் மெதுவாக ஊறிக் கரைந்தது. கனிஷாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க, ஒண்ணுமே சாப்பிடலியே" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

முழு ஏரியும் வந்ததா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். பின்னே பாதி ஏரியா விருந்துக்கு வரும்? தென்கரையிலிருந்து போன் மேல் போன். "ஏரியக் காணோமே, உங்க பக்கம் வந்துச்சா?" என்றார்கள். "இங்கதான் இருக்கு, சாப்பிட்டுட்டு இருக்கு, அப்புறம் கூப்பிடுங்க" என்று சபார் வைத்துவிட்டான். தோரோன்பெக்கின் விடுதிக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. எண்ணூறு பேர் நீச்சல் உடையில், கையில் நீலக் காப்போடு, இடுப்பில் ரப்பர் வளையத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ரப்பர் வாழைப்பழம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. முதலில் ஓம்ஸ்க்கிலிருந்து வந்த ஒரு கணக்கு டீச்சர் அந்தச் சின்னக் கதவு வழியாக வெளியே வந்து ஈரத்தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னாலேயே ஊர் திரண்டது. பெரியவர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தால் அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பது எங்கள் பழக்கம்தானே. கனிஷாய் யாரையும் தடுக்கவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி, ஒரு வாய் ரொட்டி வைத்து, விருந்தறைக்குள் இறங்கினார்கள். கணக்கு டீச்சர் கதவிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கி ஒன்றரை மணி நேரம் நீந்தினார். சுவர் வரவில்லை. திரும்பி வந்து, அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் விருந்தறை போக மற்ற மூன்று அறையும் ஆறு கட்டிலும் நிறைந்துவிட்டன, பக்கத்து வீடு நிறைந்தது, பூட்டிக் கிடந்த வீடுகளின் சாவி தேடித் தலைநகரச் சந்தைக்கு ஆள் போனது. எனக்கே என் புத்தக அலமாரிக்கு இடையில் ஒரு தம்பதியைப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று.

தோரோன்பெக் மத்தியானமே வந்துவிட்டான். கோட்டுப் பையில் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அக்கா, என் தண்ணிய எடுத்து வச்சிருக்கீங்க. மரியாதையா அனுப்பி வச்சிடுங்க."

"தண்ணி கிண்ணின்னு பேசாத தம்பி. பெரியவங்க காதுல விழப் போகுது. விருந்தாளி அவங்க."

"எண்ணூறு பேரு அங்க சேத்துல நிக்குறான்!"

"வெயில்ல வந்திருக்க. உள்ள வா, ஒரு வாய் வச்சிட்டுப் போ."

அங்கேதான் அவன் மாட்டினான். வேண்டாம் என்று சொல்ல அவன் வாய் திறந்தது, ஆனால் அந்தச் சொல்லுக்கு வேண்டாம் என்று பதில் சொல்லி வளர்ந்த வாய் இல்லை அது. செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்தால் மேலிடத்தில் ஏரி. வயதுப்படி உட்கார வேண்டுமென்பதால் அவனுக்குக் கிடைத்தது கதவோரம், வருகிறவர் போகிறவர் காலுக்குப் பக்கத்தில், கணக்கு டீச்சருக்கும் கீழே. ஒரு துண்டு ரொட்டி கிள்ளி வாயில் போட்டான். விரிப்பின் முன் உட்கார்ந்து வாய் வைத்த பிறகு எழுந்திருக்க முடியாது. விருந்தில் மூத்தவர் கையேந்தி வாழ்த்துச் சொல்லி எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். ஏரி எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. இரண்டாவது கோப்பை டீக்குப் போயிருந்தது.

விருந்தாளியிடம் மூன்று நாளைக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. அதனால் யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் தோரோன்பெக் கதவோரம் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் அவன் போன் விடாமல் அடித்தது. இரண்டாம் நாள் எப்போதாவது அடித்தது. தெருவே அவனைப் பார்த்துப் போனது. "என்ன தோரோன்பெக், காப்பு மாட்டிட்டுத்தான வந்த?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள் சந்தையிலிருந்து திரும்பிய காலுறைக்காரர்கள். மூன்றாம் நாள் கனிஷாய் அவன் முன்னால் புது ரொட்டி வைத்தபோது, "உங்க அம்மா ஓரத்துல ஊசியால பூப்போட்டு சுடுவாங்க" என்றான். "ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள். "இருக்கு" என்றான், அழுதான். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஏரி கொஞ்சம் நகர்ந்து அவனுக்குக் கால் நீட்ட இடம் விட்டது.

இருபதாம் தேதி காலையில், மூன்று நாள் முடிந்ததால், கனிஷாய் புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு மேலிடத்துக்கு முன்னால் வந்து நின்று கேட்டாள்: "பெரியவங்களே, எந்தக் காரியமா வந்தீங்க? நாங்க ஏதும் பண்ணணுமா?" ஏரி எழுந்தது. அறையிலிருந்த எல்லோருடைய உள்ளங்கையிலும் ஒரு கை நீர் நிறைந்தது. எல்லோரும் வழக்கப்படி அதை முகத்தில் வழித்துக்கொண்டோம். பிறகு அது வெளியே வந்து, மணலை எடுத்துக்கொண்டு, மீன்களைக் கூட்டிக்கொண்டு, தெருவில் நடந்து போய் வேலிக்கு முன்னால் நின்றது. அவ்வளவுதான். தெமிர் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"காப்பு?"

"யோவ் வாத்தியாரே, ஏரிய்யா அது! விடுய்யா!" என்று பின்னால் வெறுங்காலோடு ஓடி வந்தான் தோரோன்பெக்.

"நீங்க எழுதிக் கொடுத்த உத்தரவுதான். காப்பு இல்லாம யாரும் உள்ள வரக் கூடாது. யாரும்னா யாரும்."

"சரி, கம்பி வழியாவே போகட்டும். வந்தப்ப அப்படித்தான வந்துச்சு?"

கனிஷாய் இடுப்பில் கை வைத்தாள். "வந்தப்ப வெறும் வயிறு. மூணு நாள் சாப்பிட்டு வயிறு நிறைஞ்ச பெரியவங்கள கம்பிச் சந்துல நொழஞ்சு போகச் சொல்றியா? உன் வீட்டு விருந்தாளிய அப்படித்தான் அனுப்புவியா?"

நூற்றியெண்பது கிலோமீட்டர் ஏரி, தெருவில், நின்ற இடத்தில் சத்தமில்லாமல் காத்திருந்தது. பின்னால் முப்பதாயிரம் பேர் நின்றார்கள். ஒட்டகமும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றது. தோரோன்பெக் கடைசியில் கோட்டைக் கழற்றி தெமிர் கையில் கொடுத்துவிட்டு, தன் ஆட்களிடமிருந்து கட்டிங் மெஷினைப் பிடுங்கினான். முதல் கம்பியை அவன்தான் அறுத்தான். பத்தாவது கம்பிக்குள் ஊரே கை வைத்துவிட்டது. சபார், காலுறைக்காரர்கள், ஓம்ஸ்க்காரர்கள், நானும்தான். என் கையில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. மத்தியானத்துக்குள் ஒன்றரைக் கிலோமீட்டரும் படுத்துவிட்டது. ஏரி அகலமாக, நிமிர்ந்து, ஒரு துளி குறையாமல் தன் இடத்துக்குப் போனது. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதால் கனிஷாய் பின்னாலேயே போய் ஒரு பை நிறையப் பொரித்த மாவுருண்டையைத் தண்ணீரில் வைத்தாள். அது ஆடி ஆடிப் போய் மறையும் வரைக்கும் ஊர் மொத்தமும் கத்திய கத்தலில் தென்கரையிலிருந்து மறுபடியும் போன் வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள்.

தோரோன்பெக் கோட்டை வாங்கிப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தான். மூன்று நாள் ஏரியோடு ஒரே அறையில் உட்கார்ந்த பத்திரம். எழுத்தெல்லாம் போயிருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இன்னிக்குத் தேதி இருபது. அக்கா, யாராச்சும் வந்து தங்குனாங்களா?" என்றான். வாயோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"தங்குனாங்க" என்றாள் கனிஷாய். "உன்னையும் சேத்து." அவன் கையிலும் ஒரு பை மாவுருண்டையைக் கொடுத்து அனுப்பினாள். அன்றே கதவோரம் இருந்த பெட்டியைப் பிரித்து துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.

அடுத்த வசந்தத்தில் தோரோன்பெக் பழக்க தோஷத்தில் நாலு கம்பம் நட்டுப் பார்த்தான். ஜூலை பதினாறாம் தேதி அவனே வந்து பிடுங்கிக்கொண்டு போனான், விருந்தாளி வருகிற வழியில் கம்பம் எதற்கு என்று. அவன் விடுதியும் நன்றாகத்தான் ஓடுகிறது. தெமிர் இப்போது கரையில் காலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார், காப்பு கேட்பதில்லை. காலுறைக்காரர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. கனிஷாய் வருஷா வருஷம் பதினேழாம் தேதிக்கு முதல் நாள் விருந்தறையைக் காலி செய்து மெத்தை தட்டிப் போடுகிறாள். அந்த மூன்று நாள் நீந்த வேண்டியவர்கள் அவள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். சபார் இன்னமும் நெடுஞ்சாலையில் சாவியை ஆட்டிக்கொண்டுதான் நிற்கிறான். அட்டையை மட்டும் மாற்றிவிட்டான்: அறை உண்டு. ஏரி இருநூறு காலடி. பதினேழு முதல் பத்தொன்பது வரை வீட்டிலேயே இருக்கும்.